ஒரு மாதிரி

கறுப்புத் திரையை இழுத்து மூடியதும் அங்கயற்கண்ணிக்குத் தன் கையே தெரியவில்லை. இனிப் பதிவு முடியும்வரை இதைத் திறக்கக் கூடாது, ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வந்தாலும் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளிதான். வெளியே சித்திரை வெயில் மதுரையை வறுத்தெடுக்கிறது, இங்கே ஏ.சி. குளிரில் கால்விரல் மரத்துப்போகிறது, என்ன வாழ்க்கை இது, சம்பளம் வாங்கிக்கொண்டு இருட்டில் உட்காருகிற வாழ்க்கை. கண் பழகப் பழக, மங்கலாக்கி வைத்திருந்த சின்னக் கணினித் திரையில் மீன் குஞ்சு தெரிந்தது. ஒரு அரிசி நீளம்கூட இல்லை. முட்டையை விட்டு இப்போதுதான் வெளியே வந்த குஞ்சு, உடம்பெல்லாம் கண்ணாடி, மண்டைக்குள் மூளை அப்படியே தெரியும். நரம்பணு ஒன்று வேலை செய்தால் அந்த இடம் பச்சையாக மினுங்கும்படி இந்த மீன் வம்சத்தையே வளர்த்து வைத்திருந்தார்கள். நோன்புக் காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் வருமே கடல்பாசி, ஏறக்குறைய அதே சரக்கில் காய்ச்சிய கூழில் குஞ்சை அசையாமல் பதித்திருந்தாள். குஞ்சு ஒரு மயிரிழை அமிழ்ந்தாலும் நுண்ணோக்கியின் திருகைத் திருப்பி அதைக் கண்ணுக்கு நேரே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை. "பேர்லயே கயலை வச்சிருக்கீங்க, உங்களுக்கு மீனைத் தவிர வேற என்ன குடுக்க முடியும்?" என்று ஆய்வகத்தில் சேர்ந்த அன்றைக்கே இயக்குநர் ஹமீதா மேடம் சிரித்தது ஞாபகம் வந்தது. அங்கயற்கண்ணி என்றால் மீன் போன்ற அழகிய கண்ணுடையவளாம். அந்தக் கண் இப்போது எரிந்தது. நேற்று அவள் சரியாகத் தூங்கவில்லை.

தூக்கம் எப்படி வரும், இன்று மத்தியானம் கூட்டம். ஹமீதா மேடம் ஆளை மிதிக்கிற ரகம் இல்லை, கணக்குக் கேட்கிற ரகம், அதனால்தான் பயம். போன வாரமே சொல்லிவிட்டார்: "உங்க மாடல் புலி வருது புலி வருதுன்னு கத்திக்கிட்டே இருக்கு. மீன்ல சரியாச் சொல்லுது, ஒத்துக்கிறேன். மனுசன்ல பத்து தடவை கத்துனா ஒரு தடவைதான் புலி வருது. அந்த ஒரு தடவையும் புலி வாசல்ல வந்து நின்னப்புறம் கத்துது." மாடல் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மூளையில் எந்த அணு எதைத் தூண்டுகிறது, எது எதை அடக்குகிறது என்று மீனில் பார்த்துப் பார்த்துக் கணக்காக எழுதி, அந்தக் கணக்கைக் கணினிக்குள் ஓடவிடுவது. நிஜ மூளை ஒரு பக்கம் ஓட, கணக்கு மூளை மறுபக்கம் ஓடும். கணக்கு மூளை தள்ளாட ஆரம்பித்தால் ஒரு மணி அடிக்கும், வலிப்பு வரப்போகிறது என்று. கணக்கை எழுதியவன் ஜெபராஜ், நாகர்கோவில்காரன், இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருக்கிறான், கடிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. மீனில் படித்த கணக்கை மனிதனின் மூளை அலையில் ஓட்டிப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுத்திருந்தவர்களின் அலையில். அங்கேதான் வந்தது வினை. எப்போது பார்த்தாலும் மணி. பொய் மணியைக் குறைக்க வேண்டுமானால் மாடலின் காதை மந்தமாக்க வேண்டும், பெரிய தள்ளாட்டத்துக்கு மட்டும் அடி என்று சொல்லிவைக்க வேண்டும். வைக்கலாம். வைத்தால் எச்சரிக்கைக்கும் வலிப்புக்கும் நடுவே கண் மூடித் திறக்கிற நேரம்தான் மிஞ்சும். அதற்கு எதற்கு ஒரு மாடல், கீழே விழுந்தால் சத்தம் கேட்கத்தானே போகிறது. இன்று மத்தியானம் காதை மந்தமாக்க ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மனித வேலையை மூட்டை கட்டிவிட்டு மீனோடு நின்றுகொள்ள வேண்டும். இரண்டும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டிலும் சொக்கு கல்லில் ஏற மாட்டான்.

கல் என்றால் பரோட்டாக் கல். சொக்கலிங்கம் அவள் தம்பி, சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். இருந்தான் என்று சொல்ல வேண்டும். அவன் மாவை வீசினால் சாப்பிட வந்தவன் இலையை மறந்துவிட்டுப் பார்ப்பான், அப்படியொரு வீச்சு, அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த வலிப்பு, மாத்திரையில் பாதி அடங்கியது, மீதி அடங்கவே இல்லை, ஒரு சாயங்காலம் நல்ல கூட்டத்தில் கல்லின் மேலேயே சாய்ந்துவிட்டான். வலது முன்கை. அவனைத் தூக்கியவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, கையில் சாவிக் கொத்தைத் திணித்தது. வெந்த கையில் சாவிக் கொத்து! எல்லாருக்கும் நல்ல மனசு, அதில் குறை சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டில் விழுந்தபோது ஒருத்தர் பைக் சாவி, கோயிலில் விழுந்தபோது ஒரு அம்மா இரும்புக் கரண்டி, ஊரில் உள்ள இரும்பையெல்லாம் அவன் கை பார்த்துவிட்டது, வலிப்புக்கு மட்டும் இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவன் கடையின் பின்கட்டில் வெங்காயம் உரிக்கிறான். முதலாளி நல்லவர், துரத்தவில்லை, "தம்பி, கல்லுப் பக்கம் மட்டும் வராதே" என்றார். வீட்டில் அம்மா குளியலறைத் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். இருபத்தெட்டு வயசு ஆம்பளை, கதவைச் சும்மா சாத்திவிட்டுக் குளிக்கும்போது, இருக்கிறேன் இருக்கிறேன் என்று தெரிவிக்க உரக்கப் பாடிக்கொண்டே குளிக்கிறான், பாட்டு நின்றால் அம்மா ஓடுவாள். சுருதி சுத்தமாக இல்லாத பாட்டு. போன பொங்கலுக்குக் கேட்டான், மற்றவர்கள் காதில் விழாமல்: "அக்கா, நீ அந்த மீன வச்சு என்னமோ செய்றியே, அது வந்துட்டா நான் கல்லுல நிக்கலாமா?" நிற்கலாம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பொங்கலைச் சாப்பிடு, ஆறுது என்றாள்.

திருகை இடப்பக்கம் கொஞ்சம். குஞ்சு மறுபடி கண்ணுக்கு நேரே வந்தது. மருந்து ஏற்கெனவே தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது, வலிப்பை வரவழைக்கிற மருந்து. ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் தன்னையே கேட்டுக்கொள்வாள். ஏண்டி, உன் தம்பிக்கு வரக் கூடாது என்று இந்தப் பிள்ளைக்கு வரவைக்கிறாயே, இதற்கு ஒரு அக்கா இருந்தால் என்ன சொல்வாள்? மீனுக்கு அக்கா தங்கை ஆயிரம் இருக்கும், பக்கத்துத் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும், ஒன்றுகூட எதுவும் சொல்லாது. மன்னித்துக்கொள் தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள், மீனிடம் சொல்கிறாளா தன் பேருக்குரியவளிடம் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியாது. மனசு ஓரிடத்தில் நிற்காது. கூட்டத்துக்குப் போயிற்று, போன வாரக் கூட்டத்தில் சுவரில் விழுந்த படத்துக்கு. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நீளக் கோடு, கோட்டில் சிவப்புப் புள்ளிகள் மாடல் அடித்த மணி, நடுநடுவே சாம்பல் நிறப் பட்டைகள். சாம்பல் என்றால் அந்த நேரத்து அலையை நம்பாதே என்று பொருள்: நர்ஸ் வந்து ரத்த சாம்பிள் எடுக்கும் நேரம், கையை இழுப்பார்கள், ஒயர் ஆடும், அலை கெடும், அங்கே மணி அடித்தால் பொய் மணி. அந்த விதியைப் போட்டதே அவள்தான், நியாயமான விதிதான். அந்த நோயாளிகளில் சொக்குவும் ஒருத்தன். பேர் கிடையாது, வெறும் எண், ஆனாலும் தம்பியின் அலை அவளுக்குத் தெரியாதா, வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்து யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்கிறோமே, அப்படித் தெரியும். அவன் கோட்டில்தான் சாம்பல் அதிகம். ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பட்டை. மருந்தைக் குறைத்துப் பார்க்கிறபோது அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள்தான். எடுப்பார்களா, பத்துப் பன்னிரண்டு தடவையா? வேறெதையாவது நினைப்போம். மத்தியானம் என்ன பேசுவது, "மேடம், இன்னும் ஆறு மாசம் குடுங்க" என்றா, போன தடவையும் ஆறு மாசம் கேட்டோமே. சாம்பல். அந்த வாரம் முழுக்க அவள்தானே பக்கத்தில் இருந்தாள், மடக்கு நாற்காலியில் தூங்கித் தூங்கி இடுப்பு போயிற்று. ரத்தம் எடுத்ததை எப்போது பார்த்தாள்? சேர்த்த அன்று. வலது கையில் தழும்பு, நரம்பு அகப்படாது என்று நர்ஸ் இடது கையைக் கேட்டாள், "ரெண்டையும் வச்சுக்கங்க சிஸ்டர், எனக்கு வெங்காயம் உரிக்க லீவு கெடைக்கும்" என்று இவன் வாயடித்தான். இடது கையில் பஞ்சு வைத்து ஒரு பிளாஸ்திரி. அப்புறம் வேறு பிளாஸ்திரி இருந்ததா? அவள் காப்பி வாங்கப் போன நேரத்தில் எடுத்திருப்பார்களோ? பன்னிரண்டு காப்பியா குடித்தாள்? சீ, இது என்ன ஆராய்ச்சி, நர்ஸ் எடுத்தால் எடுத்துவிட்டுப் போகிறாள், ஆனால் கை, அந்தக் கையில் ஊசி குத்திய அடையாளம் ஒன்றுக்கு மேல் இல்லையே, தினம் அவன் கையைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள். முள் தொண்டையில் நின்றது போல அது நின்றுகொண்டது, சோறு உருட்டி விழுங்கினாலும் போகவில்லை.

அப்போதுதான் குஞ்சைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை, பெரிதாக மினுங்கவில்லை, வால் துடிக்கவில்லை. ஆனால் கண் விழி லேசாகத் திரும்பி எதையோ கேட்பது போல் நின்றது, மூளையின் பின்பக்கத்தில் பச்சை வழக்கம் போல் சிதறிச் சிதறி வராமல் கொஞ்சம் கூடிக்கூடி வந்தது, கூட்டம் சேரும் முன் தெருமுனையில் நாலு பேர் நிற்பார்களே, அவ்வளவுதான். "அக்கா," திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஜெபராஜ் குரல் கொடுத்தான், "குஞ்சு எப்படியிருக்கு?" வாயில் வந்ததைச் சொன்னாள். "ஒரு மாதிரி இருக்கு ஜெபா." "ஆமாக்கா, இங்க மணி அடிச்சாச்சு," என்றான் அவன், கடலைமிட்டாய் வாயோடு. திருகில் இருந்த அவள் கை நின்றுபோயிற்று. ஒரு மாதிரி. என்ன சொன்னேன், ஒரு மாதிரி இருக்கு என்றேன். அவன் சொல்வான், அடிக்கடி சொல்வான், சின்ன வயதிலிருந்தே, ஒரு மாதிரி இருக்குக்கா என்பான், படுத்துக்கோ என்பாள், சில நேரம் வலிப்பு வரும், பல நேரம் ஒன்றும் வராமல் எழுந்து போய்விடுவான். ஆஸ்பத்திரியிலும் சொன்னான், ஒயரைச் சொறிந்துகொண்டு சொன்னான், தூங்கி எழுந்து சொன்னான், அவள் படுத்துக்கோ என்றாள், கேட்டுக் கேட்டுக் காதில் விழாமலே போன சொல், ஃபேன் சத்தம் போல. அறையில் கேமரா இருந்தது, கேமராவுக்குக் காது இருந்தது. நோயாளிகள் பேசியதையெல்லாம் கேட்டு எழுத யாருக்குப் பொழுது இருக்கிறது, மாதக்கணக்கான பேச்சு. ஒரு மென்பொருளிடம் கொடுத்தார்கள், அது தமிழைக் கேட்டு இங்கிலீஷில் எழுதியது, அதைப் படித்துக் கோட்டில் பட்டை போட்டவன் அனிர்பான், கல்கத்தாப் பையன், தங்கம், தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாப்பாடும் போதும் போதும் என்பதும்தான். ஒரு மாதிரி இருக்கு. இந்தக் கட்டடத்திலேயே கீழே போர்டு இருக்கிறதே, இரத்த மாதிரி இங்கே கொடுக்கவும். மாதிரி என்றால் சாம்பிள். ஒரு சாம்பிள் இருக்கிறது என்று எழுதியிருக்கும் அந்த மென்பொருள், நல்ல பிள்ளையாக, அகராதி பிசகாமல். அனிர்பான் பார்த்திருப்பான், சரி, சாம்பிள் எடுக்கிறார்கள், போடு சாம்பல். ஐயோ. ஐயய்யோ. தம்பி வாய் திறந்து வருது வருது என்று சொன்ன ஒவ்வொரு இடத்திலும் நாங்கள் சாம்பலை அள்ளிப் பூசியிருக்கிறோம்.

எழுந்து திரையைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும் போலிருந்தது. முடியாது. வெளிச்சம் வந்தால் பதிவு போச்சு, குஞ்சு பட்டது வீணாகப் போகும், அது பாவம். உட்கார். உட்கார்ந்து நிதானமாக யோசி. சிவப்புப் புள்ளி எங்கே விழுந்தது, சாம்பலுக்குள். அதனால் பொய் மணி. சாம்பல் எங்கே விழுந்தது, அவன் ஒரு மாதிரி இருக்கு என்ற இடத்தில். அப்படியானால் மாடல் கத்தியதும் அவன் சொன்னதும் ஒரே நேரம். வலிப்பு வந்த இடங்களில் முன்னதாக அடித்த மணியெல்லாம் சாம்பலில் போய், வாசலுக்கு வந்தபின் அடித்தது மட்டும் கணக்கில் நின்றிருக்கிறது. வலிப்பு வராத இடங்களிலும் புலி வந்திருக்கிறது, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. புலியைப் பார்த்தவர்கள் இரண்டு பேர், ஒன்று கணக்கு, ஒன்று அவன், இரண்டு பேரையும் நாம் நம்பவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, இருட்டில் தனியாகச் சிரித்தாள், பாவம் இந்த மாதிரி என்கிற சொல், எத்தனை வீட்டுக்குத்தான் அது வேலை பார்க்கும், ரத்தத்துக்கும் அதுதான், மாடலுக்கும் தமிழில் அதுதான், அவர்கள் மாதிரி இவர்கள் மாதிரி என்று ஒப்பிடவும் அதுதான், யாராவது சரியில்லாத ஆள் என்றால் அவன் ஒரு மாதிரி, உடம்புக்குள் பேர் இல்லாத ஒன்று வந்து நின்றால் அதற்கும் ஒரு மாதிரி. சிரிப்பு பாதியிலேயே பயமாக மாறிற்று. ஆசைப்பட்டவள் கண்ணுக்கு எதுவும் தெரியும். தம்பி, தம்பி என்று இருக்கிறவள் நீ, உனக்கு வேண்டியதை நீயே கேட்டுக்கொண்டாயா? அவன் ஒருத்தன் சொன்னால் போதுமா, மற்றவர்கள்? அந்த மென்பொருள் வேறெதையாவது எழுதியிருந்தால்? மருந்து மாற்றும்போது ரத்தம் எடுத்தது நிஜமாகவே இருந்தால்? முன்பும் இப்படி ஒரு நம்பிக்கை வந்தது, ஒரு புது மாத்திரை, ஒரு மாசம் வலிப்பே இல்லை, அம்மா அழகர்கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள், கிடாய் பார்க்கப் போன அன்று இவன் மாடிப்படியில் விழுந்தான். நம்பிக்கைக்குக் கை கால் முளைத்த உடனே அவள் அதைத் துரத்திவிடுவாள், பழகிவிட்டது. ஆனாலும் அது போகவில்லை, இருட்டில் அவளோடு அதுவும் உட்கார்ந்திருந்தது. குஞ்சின் மூளையில் நாலு பேர் நாற்பதாகி, தெரு நிறைந்து, சட்டென்று பச்சை ஒரே வீச்சில் தலை முதல் வால் வரை ஓடியது. வந்துவிட்டது. வால் கூழுக்குள் துடித்தது. அவள் திருகைப் பிடித்துக்கொண்டு, தம்பியின் தலையை மடியில் ஒருக்களித்து வைத்துக்கொண்டிருக்கும்போது சொல்வதையே சொன்னாள், அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும். முடிந்தது. குஞ்சின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது, அது நன்றாகத் தெரிந்தது.

பதிவு முடிந்ததும் அவளே திரையை விலக்கினாள், வெளிச்சம் கண்ணில் குத்தியது. குஞ்சைப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "ஜெபா, ஆஸ்பத்திரி வீடியோல யாராவது ஒரு நோயாளி, என் தம்பி வேண்டாம், சாம்பல் போட்ட இடமாப் பாத்து சத்தத்தோட போடு." அவன் முழித்தான். "சத்தத்தோடயா? அதெல்லாம் எழுத்தால்லாக்கா இருக்கு." "எழுத்து வேண்டாம், சத்தம்." தேடினான், ஒரு பட்டையைத் தொட்டான். கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள், தலையெல்லாம் ஒயர், கையில் பாதி உரித்த ஆரஞ்சு. நர்ஸ் இல்லை, ஊசி இல்லை, யாருமே இல்லை, கட்டிலுக்குக் கீழே புருஷன் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அந்த அம்மா ஆரஞ்சைக் கீழே வைத்தாள். "என்னங்க, எந்திரிங்க, ஒரு மாதிரியா வருது," என்றாள். ஜெபராஜ் கடலைமிட்டாயைக் கீழே வைத்தான். அவனுக்கும் தமிழ்தானே தாய்மொழி, விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு பட்டை, ஒரு பையன், "அப்பா, ஒரு மாதிரி இருக்குப்பா." இன்னொன்றில் நிஜமாகவே நர்ஸ், நிஜமாகவே ஊசி, சரி, எல்லாம் நமக்குச் சாதகமாக இருக்காது. அடுத்தது மறுபடி, ஒரு மாதிரி. "எனக்க மாடலு பொய்யே சொல்லலியேக்கா," என்றான் ஜெபராஜ், குரல் உடைந்திருந்தது, "நாந்தான் அதுக்கு நித்தமும் திட்டு வாங்கிக் குடுத்தேன்." எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டும், ஒவ்வொரு பட்டையையும், தமிழ் தெரிந்த காது வேண்டும், மத்தியானத்துக்குள் நடக்காது. ஆனால் மத்தியானம் ஹமீதா மேடத்திடம் எழுத்தைக் காட்ட வேண்டாம், இந்த அம்மாவைக் காட்டினால் போதும். மேடம் கணக்குக் கேட்பார், கேட்கட்டும், இப்போது கணக்கு இருக்கிறது. அங்கயற்கண்ணி வராந்தாவுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் கடைச் சத்தம், கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம், யாரோ சால்னா சால்னா என்று கத்துகிறான். "என்னக்கா, இந்நேரத்துல?" என்றான் சொக்கு. "அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?" "ஒண்ணும் இல்லடா. ஆஸ்பத்திரில உனக்கு எத்தன தடவ ரத்தம் எடுத்தாங்க?" "ஒரே தடவதான். ஏன், இன்னும் வேணுமாமா? கத்திரிக்கா வெலயில குடுப்பேன்னு சொல்லு." "சொக்கு, ஒரு மாதிரி இருக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லுவியே." "ஆமா." "ஒரு மாதிரின்னா என்ன மாதிரிடா?" கரண்டிச் சத்தம் தள்ளிப் போயிற்று, அவன் பின்கட்டுக்கு நடக்கிறான் போலிருந்தது. "யாரும் கேட்டதில்லக்கா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்துச் சொன்னான். "படுத்துக்கன்னுதான் எல்லாரும் சொல்லுவீங்க." "இப்பக் கேக்குறேன். சொல்லு." அவன் சொன்னான். சொல்லத் தெரியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். முதலில் வாயில் ஒரு ருசி வருமாம், பத்து ரூபாய்க் காசை நாக்கில் வைத்தால் வருமே, அது. அப்புறம் யாரோ பின்னால் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள் என்று இருக்குமாம், கூப்பிட மாட்டார்களாம், கூப்பிடப் போகிறார்கள் கூப்பிடப் போகிறார்கள் என்றே இருக்குமாம். பயமாக இருக்காது. சில நேரம் நன்றாகக்கூட இருக்கும், அதனால்தான் வெளியே சொல்ல ஒரு கூச்சம். அங்கயற்கண்ணி வராந்தாச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்று கேட்டாள், இத்தனை வருடம் ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவன், அவனுக்குள் இப்படி ஒருவர் வந்து வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார், தெரியாது. "அது வந்ததுக்கும் நீ விழுறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்டா இருக்கும்?" "அதென்ன, ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரம் இருக்கும். சில நேரம் விழவே மாட்டேனே." "எல்லாத் தடவையும் உனக்கு அது தெரியுமா?" "பாதி தடவ தெரியும். வேல மும்முரத்துல இருந்தா தெரியாது. அன்னைக்கிக் கல்லுல நல்ல கூட்டம், ருசி வந்துச்சா வரலையான்னே எனக்குத் தெரியல." அந்த மீதிப் பாதிக்குத்தான் மாடல், என்று நினைத்தாள், அவனுக்குத் தெரியாதபோது தெரிந்துகொள்ள, காதுக்குப் பக்கத்தில் ஒரு மணி. இதை இப்போது அவனிடம் சொல்லக் கூடாது, இன்னும் எவ்வளவோ இருக்கிறது, மீன் வேறு மனுஷன் வேறு, ஆறு மாசமாகலாம், ஆறு வருஷமாகலாம். சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள், வாய் அடங்கவில்லை. "ஏண்டா, மணி அடிச்சு யாராவது உன்கிட்டச் சொல்லிட்டா, அடுப்ப அணைச்சிட்டுக் கீழ உக்கார உனக்கு நேரம் பத்துமா?"

சொக்கு சிரித்தான். "உக்காரவா?" என்றான். "கல்லுல கெடக்குற பரோட்டா அத்தனையும் எடுத்து, அடிச்சு, அடுக்கி வச்சிட்டே உக்காரலாம்க்கா."